கொடையும் நிவந்தமும்: ஒற்றைப் புரவலரை நம்பிய சிறு கால்பந்துக் கழகங்களின் எழுச்சியும் வீழ்ச்சியும் (1992–2012)

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானியக் கால்பந்தின் கீழ்ப்பிரிவுகளில் ஒரே செல்வரின் பணத்தை நம்பி உயர்ந்த சில கழகங்கள், அப்பணம் நின்றதும் சில ஆண்டுகளிலோ சில மாதங்களிலோ கலைந்துபோயின. உரிமையாளரின் பேராசையோ பொறுப்பின்மையோதான் இதற்குக் காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஸ்காட்லாந்தின் கிரெட்னா, இங்கிலாந்தின் ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ், டார்லிங்டன் ஆகிய மூன்று கழகங்களின் வரலாற்றை ஒப்பிட்டு நோக்கும் இக்கட்டுரை, அக்கருத்து போதுமானதன்று என்கிறது. புரவலரின் பணம் கழகத்தின் தொடர் செலவை அதன் ஊர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் உயர்த்தியதே வீழ்ச்சியின் அடிப்படை. அச்செலவு உயர்ந்தது வெற்றியின் வழியாக என்பதால், ஆபத்து வளர்ந்த காலம் முழுவதும் அது சாதனையாகவே காணப்பட்டது. கொடை, நிவந்தம் என்னும் இரு தமிழ்ச் சொற்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு இச்சிக்கலை விளக்கத் துணைபுரிகிறது.

திறவுச்சொற்கள்: கால்பந்து வரலாறு, புரவலர், கிரெட்னா, ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ், டார்லிங்டன், ரசிகர் அறக்கட்டளை, நிவந்தம்

1. முன்னுரை

2006 மே 13 அன்று கிளாஸ்கோ நகரின் ஹாம்ப்டன் பார்க் அரங்கில் ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதிப் போட்டி நடைபெற்றது. எடின்பரோவின் பழம்பெரும் கழகமான ஹார்ட்ஸை எதிர்த்து ஆடியது கிரெட்னா. அக்கழகத்தின் ஊர், இங்கிலாந்து எல்லையை ஒட்டிய, மூவாயிரம் பேர்கூட வாழாத சிற்றூர். அன்று அரங்கில் கூடியிருந்தோர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். நாட்டின் மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடும் கழகம் ஒன்று இக்கோப்பையின் இறுதிப் போட்டியை எட்டியது அதுவே முதன்முறை. ஆட்டம் 1–1 என்ற கோல் கணக்கில் சமனாகி, பெனால்டி உதைகளில் ஹார்ட்ஸ் 4–2 என வென்றது. தோற்ற அணியே அன்று மிகுதியான பாராட்டைப் பெற்றது.

அடுத்த ஆண்டே கிரெட்னா ஸ்காட்லாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்கில் இடம்பெற்றது. அதற்கடுத்த ஆண்டு, 2008 ஆகஸ்டில், முறைப்படி கலைக்கப்பட்டது. 1946இல் தோன்றி அறுபது ஆண்டுகளுக்கு மேல் எளிய கழகமாக வாழ்ந்து வந்த ஓர் அமைப்பு, தன் வரலாற்றின் மிக உயர்ந்த நிலையை அடைந்த ஓராண்டுக்குள் இல்லாமற்போனது.

இவ்வீழ்ச்சியை விளக்குவோர் பெரும்பாலும் ஒரு மனிதரைச் சுட்டுவர். புரவலர் நோயுற்றார், பணம் நின்றது, கழகம் விழுந்தது. நிகழ்ச்சிகளின் வரிசை என்ற அளவில் இது சரியே. ஆயினும் அந்தப் புரவலர் வருவதற்கு முன்பும் அக்கழகம் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. அவர் இல்லாமல் வாழத் தெரிந்திருந்த கழகம், அவர் வந்து சென்ற பின் ஏன் வாழ இயலவில்லை? இவ்வினாவே இக்கட்டுரையின் மையம்.

2. கொடையும் நிவந்தமும்: ஒரு கருத்துச் சட்டகம்

பிறர் பொருளால் வாழும் அமைப்புகளைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழில் நுட்பமான சொற்கள் உள்ளன. புரவலர் இரவலருக்கு வழங்குவது கொடை. அது கொடுப்பவரின் உள்ளத்தையும் அவரது வாழ்நாளையும் பொறுத்தது. சோழர் காலக் கல்வெட்டுகள் காட்டும் நிவந்தம் வேறு வகையானது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய விரும்பியவர், நாள்தோறும் தாமே நெய் கொண்டுவந்து ஊற்றுவதாக வாக்களிக்கவில்லை. பெரும்பாலும் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்தார். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் குறித்த அளவு நெய் அளக்கக் கடமைப்பட்டார். மூத்தவையும் இறந்தவையும் போகப் புதியவை பிறந்து எண்ணிக்கை குறையாது என்பதால் அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. கொடுத்தவர் மறைந்த பின்னும் விளக்கு எரிய வேண்டும் என்பதே அவ்வேற்பாட்டின் நோக்கம்.

இந்த வேறுபாட்டை இன்றைய கணக்கியல் மொழியில் சொன்னால், தொடர் செலவுக்குத் தொடர்ந்து பணம் தருவது ஒன்று. தொடர் செலவைத் தாங்கும் முதலை உருவாக்கித் தருவது மற்றொன்று. பின்வரும் மூன்று கழகங்களின் வரலாற்றையும் இவ்விரண்டுக்கும் இடையேயான வேறுபாட்டைக் கொண்டு அணுகுவது பயன் தரும்.

3. வரலாற்றுப் பின்னணி

செல்வரைச் சார்ந்து கழகம் வாழ்வது அண்மைக் காலத்தில் தோன்றிய வழக்கமன்று. 1902இல் கடனில் மூழ்கியிருந்த நியூட்டன் ஹீத் கழகத்தை மதுவடிப்பாலை உரிமையாளர் ஜான் ஹென்றி டேவிஸ் மீட்டார். அக்கழகமே மான்செஸ்டர் யுனைடெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1910இல் திறக்கப்பட்ட ஓல்டு டிராஃபோர்டு அரங்கும் அவர் பணத்தால் எழுந்ததே. 1927இல் டேவிஸ் மறைந்தார். அதன் பின் கழகம் மீண்டும் நெருக்கடியில் சிக்கி, 1931இல் ஜேம்ஸ் கிப்சன் என்னும் மற்றொரு செல்வரின் உதவியால் பிழைத்தது. பெருநகரக் கழகமாக இருந்ததால் இரண்டாம் புரவலர் கிடைத்தார்; அரங்கை நிரப்ப மக்களும் இருந்தனர். சிற்றூர்க் கழகங்களுக்கு இவ்விரண்டும் உறுதியில்லை.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்துறையில் பணத்தின் போக்கைக் கட்டுப்படுத்த முயன்றது. கழகங்கள் வரையறுக்கப்பட்ட நிறுவனங்களாகப் பதிவாகலாம். ஆனால் பங்குதாரருக்கு வழங்கும் ஈவுத்தொகைக்கு உச்சவரம்பு உண்டு. இயக்குநர்கள் ஊதியம் பெறலாகாது. இவ்விதிகள் கழகத்திலிருந்து பணம் வெளியேறுவதைத் தடுக்க எழுந்தவை. 1980களில் இவை தளர்ந்தன. 1983இல் டாட்டன்ஹாம் கழகம், தாய் நிறுவனம் ஒன்றை அமைத்து அதன் பங்குகளைச் சந்தையில் விற்றது.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று. பணத்தை எடுத்துச் செல்லும் உரிமையாளரைக் குறித்து அஞ்சிய விதிகள் இருந்தன. பணத்தைக் கொண்டுவந்து கொட்டும் உரிமையாளரைக் குறித்து எவரும் அஞ்சவில்லை. அவரை வரவேற்கவே அனைவரும் காத்திருந்தனர்.

4. கிரெட்னா: வெற்றி துரத்திய ஊர்

கிரெட்னா ஸ்காட்லாந்துக் கழகமாயினும், எல்லையோர ஊர் என்பதால் நெடுங்காலம் இங்கிலாந்தின் வட்டார லீக்குகளிலேயே ஆடிவந்தது. 2002இல் அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. 1878இல் தோன்றிய ஏர்ட்ரியோனியன்ஸ் கழகம் கடனால் கலைந்தது. ஸ்காட்டிஷ் கால்பந்து லீக்கில் ஓர் இடம் காலியானது. அவ்விடம் கிரெட்னாவுக்கு வழங்கப்பட்டது. ஒரு கழகத்தின் மறைவே மற்றொன்றின் எழுச்சிக்கு வாயிலானது.

அன்றைய அமைப்பில் பிரீமியர் லீக்குக்குக் கீழே முதல், இரண்டாம், மூன்றாம் பிரிவுகள் இருந்தன. கிரெட்னா மூன்றாம் பிரிவில் நுழைந்தது. இக்காலத்தை ஒட்டிப் புரூக்ஸ் மைல்சன் அக்கழகத்தின் புரவலரானார். இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் எளிய பின்னணியில் பிறந்து, காப்பீடு உள்ளிட்ட தொழில்களில் செல்வம் ஈட்டியவர் அவர். நெடுங்காலமாக உடல்நலம் குன்றியவர். கீழ்நிலைக் கால்பந்தின்மீது உண்மையான பற்றுக் கொண்டவர். பிற கழகங்களின் ரசிகர் அமைப்புகளுக்கும் உதவியவர். கிரெட்னாவில் இளையோர் பயிற்சிக்கும் அவர் பணம் சென்றது. அவரிடம் பேராசையைத் தேடுவது வீண்.

அவர் பணத்தால் மேற்பிரிவுகளில் ஆடத்தக்க ஆட்டக்காரர்கள் கீழ்ப்பிரிவுக்கு வந்தனர். 2004–05 பருவத்தில் மூன்றாம் பிரிவின் 36 ஆட்டங்களில் 32ஐ வென்று, 130 கோல்கள் அடித்து, 98 புள்ளிகளுடன் கிரெட்னா முதலிடம் பெற்றது. மறு பருவத்தில் இரண்டாம் பிரிவையும், 2006–07 பருவத்தில் முதல் பிரிவையும் வென்றது. இறுதி வெற்றி ஒரே புள்ளி வேறுபாட்டில், கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அடித்த கோலால் கிட்டியது. மூன்று பருவங்களில் மூன்று பட்டங்கள். அவற்றுக்கிடையே ஒரு கோப்பை இறுதிப் போட்டியும் ஐரோப்பியப் போட்டி வாய்ப்பும்.

இந்த ஏற்றத்தில் ஒவ்வொரு படியும் ஒரு கடமையை ஏற்றியது. மேற்பிரிவுக்கு உயர்ந்தால் ஊதியம் உயரும். ஒப்பந்தக் காலம் நீளும். பயணமும் பணியாளர் எண்ணிக்கையும் பெருகும். பிரீமியர் லீக்கில் ஆட 6,000 இருக்கைகள் கொண்ட அரங்கு வேண்டும் என்பது விதி. கிரெட்னாவின் சொந்த மைதானமான ரெய்டேல் பார்க்கில் அத்தனை இருக்கைகள் இல்லை. ஊரின் மொத்த மக்களையும் அமர்த்தினாலும் அவ்விருக்கைகளில் பாதி நிரம்பாது. ஆகவே 2007–08 பருவத்தின் ‘உள்ளூர்’ ஆட்டங்களை நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மதர்வெல் நகரின் ஃபிர் பார்க் அரங்கில் ஆட நேர்ந்தது.

கழகத்தின் வரலாற்றில் இதுவே திருப்புமுனை எனலாம். உயர உயரக் கழகம் ஊரை விட்டு விலகியது. பிரீமியர் லீக்கின் பெரிய வருவாய் வரவேண்டிய ஆண்டில், சொந்த ரசிகர்கள் கால்நடையாக வந்து பார்க்கும் வழி அடைபட்டது. 2008 ஏப்ரலில் இன்வெர்னெஸ் அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு 431 பேரே வந்தனர். அந்த லீக்கின் வரலாற்றிலேயே அதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை.

2008 பிப்ரவரியில் மைல்சனின் உடல்நிலை மோசமடைந்து அவரது நிதியுதவி நின்றது. ஒரு மாதத்துக்குள், மார்ச்சில், கழகம் நொடிப்பு நிலை நிர்வாகியின் பொறுப்புக்குச் சென்றது. விதிப்படி பத்துப் புள்ளிகள் கழிக்கப்பட்டன. பல ஆட்டக்காரர்களும் பணியாளர்களும் வேலை இழந்தனர். பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களை முடிக்க லீக் நிர்வாகமே பணம் முன்கூட்டி வழங்க வேண்டியிருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கிரெட்னா அதே ஹார்ட்ஸ் அணியை 1–0 என வென்றது. பட்டியலில் 13 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் நின்றது. வாங்க எவரும் முன்வராத நிலையில் கழகம் மூன்றாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. ஜூன் தொடக்கத்தில் லீக்கிலிருந்து விலகியது. மீந்த கடன் ஏறத்தாழ 40 இலட்சம் பவுன். அவ்வாண்டு நவம்பரில் மைல்சன் தமது அறுபதாம் வயதில் காலமானார்.

காலியான லீக் இடம் அண்டை ஊரான அன்னனின் கழகத்துக்குக் கிடைத்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் கிரெட்னா நுழைந்த அதே வாயில் வழியே அன்னன் அத்லெட்டிக் நுழைந்தது. கிரெட்னாவின் ரசிகர்கள் ‘கிரெட்னா 2008’ என்னும் புதிய கழகத்தை அமைத்து வட்டார லீக்கிலிருந்து மீண்டும் தொடங்கினர்.

மாதக்கணக்கில்கூட நீடிக்காத இச்சரிவு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. பணம் நின்ற நாளில் கழகத்திடம் கையிருப்பு முதல் என்று எதுவும் இல்லை. நெய் ஊற்றியவர் நாள்தோறும் தாராளமாக ஊற்றினார். விளக்கும் பெரிதாக எரிந்தது. ஆடுகள் வாங்கப்படவில்லை.

5. ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ்: ஒரு தொழிலின் நிழல்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற வட்டாரம். டாக்டர் மார்ட்டின்ஸ் காலணிகள் 1960 முதல் இங்கு உற்பத்தியாயின. அந்நிறுவனத்தின் உரிமையாளர் மேக்ஸ் கிரிக்ஸின் முயற்சியால் 1992இல் ரஷ்டன் டவுன், இர்த்லிங்பரோ டயமண்ட்ஸ் என்னும் இரு வட்டாரக் கழகங்கள் இணைந்து ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ் உருவாயிற்று. இர்த்லிங்பரோவின் நீன் பார்க்கில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரவும் நிற்கவும் தக்க நவீன அரங்கு எழுந்தது. கழகம் படிப்படியாக உயர்ந்து 2001இல் கால்பந்து லீக்கினுள் நுழைந்தது. 2002–03 பருவத்தில், அன்று நான்காம் நிலையாக இருந்த மூன்றாம் பிரிவில் முதலிடம் பெற்றது.

அதே பருவத்தில்தான் டாக்டர் மார்ட்டின்ஸ் தனது உற்பத்தியின் பெரும்பகுதியைச் சீனாவுக்கு மாற்றியது. ஆயிரம் அளவிலான பிரித்தானியத் தொழிலாளர் வேலை இழந்தனர். அணி பட்டம் வென்றதும் ஆலைகளின் இயந்திரங்கள் ஓய்ந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. புரவலரின் தொழில் சுருங்கியபோது கழகத்துக்கு வந்த பணமும் சுருங்கியது. 2004இல் அணி ஒரு பிரிவு இறங்கியது. 2005இல் கிரிக்ஸ் கழகத்தைப் பெயரளவுத் தொகைக்கு ரசிகர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 2006இல் அணி லீக்கிலிருந்தே வெளியேறியது. கைமாறிக் கைமாறி ஐந்து ஆண்டுகள் நீடித்த கழகம், 2011 ஜூனில் நிதிநிலை காரணமாகத் தனது லீக்கிலிருந்து நீக்கப்பட்டு, பின் கலைந்தது.

கிரெட்னாவிலிருந்து ரஷ்டன் இரு வகையில் வேறுபடுகிறது. முதலாவதாக, இங்குப் புரவலர் திடீரென மறையவில்லை. ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுச் சென்றார். இரண்டாவதாக, கழகத்துக்கு நல்ல அரங்கு ஒன்று எஞ்சியது. நிவந்தத்தை ஒத்த ஏற்பாடு இது எனத் தோன்றலாம். ஆனால் எஞ்சிய சொத்தே சுமையாயிற்று. செல்வரின் பணத்தை அளவுகோலாகக் கொண்டு கட்டிய அரங்கின் பராமரிப்பைச் சிற்றூர்க் கழகத்தின் நுழைவுக் கட்டணம் தாங்கவில்லை. 2011இல் அவ்வரங்குக்குக் குடிபெயர்ந்த அண்டைக் கழகமான கெட்டரிங் டவுனும் ஓராண்டு சிறிதே கடந்த நிலையில் நெருக்கடியுடன் வெளியேறியது. 2017இல் நீன் பார்க் இடிக்கப்பட்டது.

இதிலிருந்து இரு முடிவுகள் கிடைக்கின்றன. உரிமை மக்கள் கைக்கு மாறுவது மட்டும் போதாது. செலவின் அளவும் மாற வேண்டும். செல்வருக்கு ஏற்ற வீட்டை ஏழையிடம் ஒப்படைத்தால் வீட்டோடு அதன் செலவும் சேர்ந்தே வரும். மேலும், ஒற்றைப் புரவலரை நம்பிய கழகம் உண்மையில் அவரது தொழிலின் தலைவிதியையும் நம்புகிறது. காலணித் தொழிலின் வீழ்ச்சி, வேலை இழந்த தொழிலாளரின் ஊரையும் அவ்வூர்க் கழகத்தையும் ஒருங்கே தாக்கியது. கழகத்துக்கு ஊர் கைகொடுக்க வேண்டிய வேளையில் ஊரே தளர்ந்திருந்தது.

6. டார்லிங்டன்: அளவுக்கு மீறிய அரங்கு

வடகிழக்கு இங்கிலாந்தின் டார்லிங்டன் கழகம் 1883இல் தோன்றியது. ஃபீதம்ஸ் மைதானத்தில் நூற்றிருபது ஆண்டுகள் ஆடியது. 1999இல் மரப்பலகை சார்ந்த தொழிலில் செல்வம் திரட்டிய ஜார்ஜ் ரெனால்ட்ஸ் அதை வாங்கி, அதன் பழைய கடன்களை அடைத்தார். உச்சப் பிரிவை எட்டுவதே இலக்கு என்றார். நகருக்கு வெளியே 25,000 இருக்கைகள் கொண்ட அரங்கை எழுப்பி, அதற்குத் தம் பெயரையே சூட்டினார். 2003 ஆகஸ்டில் திறப்பு ஆட்டத்துக்கு வந்தோர் பதினோராயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர்; வழக்கமான ஆட்டங்களுக்கோ சில ஆயிரம் பேரே. அவ்வாண்டு டிசம்பரில் கழகம் நொடிப்பு நிலை நிர்வாகியிடம் சென்றது.

ரெனால்ட்ஸ் விலகிய பின்னும் அரங்கு விலகவில்லை. 2009இலும் 2012இலும் கழகம் மீண்டும் அதே நிலைக்குச் சென்றது. 2012இல் ரசிகர்கள் ‘டார்லிங்டன் 1883’ என்ற பெயரில், ஒன்பதாம் நிலை லீக்கிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அரங்கு பின்னர் ஒரு ரக்பி கழகத்தின் இடமானது.

கிரெட்னாவில் அரங்கு போதாமையால் கழகம் ஊரை இழந்தது. டார்லிங்டனில் அரங்கு மிகுதியால் இழந்தது. இரண்டிலும் முடிவெடுத்தவர் ஒருவரே. இருபத்தைந்தாயிரம் இருக்கைகளை யார் நிரப்புவார் என்ற வினாவைக் கேட்கும் அதிகாரம் பெற்ற இன்னொருவர் கழகத்துள் இல்லை. பணம் ஒருவருடையதாக இருக்கும்போது, ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும் பிறரிடமிருந்து நீங்கிவிடுகிறது.

7. மாற்றுச் சான்று: ஹோஃபென்ஹைம்

மேற்கூறிய வாதத்துக்கு வலுவான மறுப்பு ஜெர்மனியிலிருந்து வருகிறது. ஹோஃபென்ஹைம் ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் வாழும் ஊர். எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான டீட்மார் ஹோப், தாம் இளமையில் ஆடிய அவ்வூர்க் கழகத்துக்கு 1990 அளவில் உதவத் தொடங்கினார். கழகம் 2008இல் ஜெர்மனியின் உச்சப் பிரிவான பண்டஸ்லீகாவை எட்டியது. கிரெட்னா கலைந்த அதே ஆண்டில், அதே அளவுள்ள ஊர் ஒன்று உச்சத்தில் நுழைந்தது.

வேறுபாடு எங்கே உள்ளது? முதலில் காலம்: கிரெட்னா மூன்று பருவங்களில் தாண்டிய தொலைவை ஹோஃபென்ஹைம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கடந்தது. இரண்டாவது, பணம் சென்ற இடம்: இளையோர் பயிற்சி நிலையங்களும் அரங்கும் நிலையான முதலாயின. அரங்கும் அச்சிற்றூருக்கெனக் கட்டப்படவில்லை. சின்ஸ்ஹைம் நகரில், சுற்று வட்டாரம் முழுவதையும் ஈர்க்கும் வகையில் 2009இல் திறக்கப்பட்டது. மூன்றாவது, விதி: ஜெர்மனியில் 1998 முதல் கழகத்தின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்ற ‘50+1’ விதி உள்ளது. இருபது ஆண்டுகள் தொடர்ந்து பேருதவி புரிந்தவர் என்பதால் ஹோப்புக்கு அதிலிருந்து விலக்கு வழங்கப்பட்டது. 2023இல் அவர் அப்பெரும்பான்மையைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்தார்.

எனினும் ஹோஃபென்ஹைமின் நிலைபேறு, சார்ந்திருத்தலில் ஆபத்தில்லை என்பதை மெய்ப்பிக்கவில்லை. ஹோப்பின் செல்வம் மைல்சனின் செல்வத்தைவிடப் பன்மடங்கு பெரிது. அவர் தொழில் சரியவில்லை. அவர் நெடுநாள் வாழ்ந்தார். இவற்றுள் எதையும் கழகம் தன் முயற்சியால் பெறவில்லை. நற்பேற்றால் கிடைத்த காலத்தைக் கழகம் நன்கு பயன்படுத்திக்கொண்டது என்பதே சரியான முடிவு. கொடை நிவந்தமாக மாறக் காலம் வேண்டும். அக்காலம் கிரெட்னாவுக்குக் கிட்டவில்லை, கிட்டியபோதும் அது ஏற்றத்திலேயே செலவாயிற்று.

8. விதிகளின் எல்லை

இத்தகைய வீழ்ச்சிகளுக்குப் பின் எழுந்த கட்டுப்பாடுகளும் ஆராயத்தக்கன. இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவுகளில் ஆட்டக்காரர் ஊதியம் கழக வருவாயின் குறித்த விழுக்காட்டைத் தாண்டலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் உரிமையாளர் அளிக்கும் நன்கொடையும் பங்கு முதலீடும் அவ்வருவாயில் சேர்த்தே கணக்கிடப்பட்டன. கடன் வாங்கி ஊதியம் வழங்குவதை இது தடுக்கும். ஒருவரின் கொடையை நம்பி ஊதியம் வழங்குவதைத் தடுக்காது. அதாவது, இவ்விதியின் கண்களுக்கு உச்சநிலைக் கிரெட்னா பெருவருவாய் ஈட்டும் கழகமாகவே தோன்றியிருக்கும்.

2000இல் தொடங்கிய ரசிகர் அறக்கட்டளை இயக்கம் மற்றொரு வழியைக் காட்டியது. 2002இல் ரசிகர்களால் தொடங்கப்பட்ட ஏ.எஃப்.சி. விம்பிள்டனும், 2003இல் ரசிகர் அறக்கட்டளையின் உடைமையான எக்ஸிட்டர் சிட்டியும் நிலைத்திருக்கின்றன. இவ்விரு கழகங்களும் தம் வரவுக்குள் வாழும் ஒழுங்கைத் தொடக்கத்திலேயே ஏற்றன. ரஷ்டனின் அறக்கட்டளையோ வேறொருவர் வகுத்த செலவை மரபுரிமையாகப் பெற்றது.

2019இல் பெரி கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டதை அடுத்து வலுப்பெற்ற விவாதத்தின் பயனாக, 2025இல் இங்கிலாந்தில் கால்பந்து ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. ஆடவர் கால்பந்தின் முதல் ஐந்து நிலைகளிலுள்ள கழகங்களுக்கு உரிமம் வழங்கவும் உரிமையாளரின் தகுதியையும் நிதி வளத்தையும் ஆராயவும் தனித்த ஒழுங்காற்று அமைப்பை அச்சட்டம் ஏற்படுத்துகிறது. உரிமையாளர் தகுதியானவரா என்ற வினா இன்றியமையாதது. ஆயினும் மைல்சனைப் போன்றவர் எத்தகுதித் தேர்விலும் வெற்றி பெறக்கூடியவர். நல்ல மனிதர் நாளை இல்லாமற்போனால் கழகம் எத்தனை மாதம் வாழும் என்ற வினாவே சிறு கழகங்களைப் பொறுத்தவரை முதன்மையானது.

9. முடிவுரை

மூன்று கழகங்களிலும் புரவலர் வேறு, குணம் வேறு, விலகிய விதம் வேறு. ஒருவர் நோயால் விலகினார். ஒருவர் தொழில் சுருங்கியதால் ஒப்படைத்தார். ஒருவர் தாமே எழுப்பிய அரங்கின் சுமையால் வீழ்ந்தார். முடிவு மட்டும் ஒன்றாக இருந்தது. ஆகவே காரணத்தைத் தனிமனிதரின் குணத்தில் தேடுவதைவிட, பணம் கழகத்துள் புகுந்து என்ன செய்தது என்பதில் தேடுவதே பொருந்தும். அது தொடர் செலவை ஊரின் தாங்குதிறனுக்கு மேல் உயர்த்தியது. முடிவெடுக்கும் உரிமையை ஒரு கையில் குவித்தது. கழகத்தின் ஆயுளை ஓர் உடலோடு அல்லது ஒரு தொழிலோடு பிணைத்தது. பட்டங்கள் குவிந்த காலத்தில் இம்மூன்றையும் கணக்கேடுகளைத் தவிர வேறெங்கும் காண இயலவில்லை.

அப்படியாயின் 2006இன் அந்த இறுதிப் போட்டி நிகழாமலே இருந்திருக்க வேண்டுமா? ஊரின் பெயரை நாடு முழுவதும் உச்சரித்த அந்நாளை அவ்வூர் மக்கள் விரும்பிக் கைவிடுவரா என்பது ஐயமே. இவ்வுணர்வை ஆய்வாளர் எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் அந்நாளின் விலையைச் செலுத்தியவர் யார் என்பதையும் உடன் வைத்தே மதிப்பிட வேண்டும். ஊதியம் இழந்த பணியாளர்களும், நிலுவை பெறாத கடன்காரர்களும், அறுபது ஆண்டுத் தொடர்ச்சியை இழந்த ஊரும் அவ்விலையைச் செலுத்தினர். அவர்களிடம் முன்கூட்டி ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை.

சிறு கழகம் செல்வரை ஏற்கலாமா என்ற வினாவுக்கு வரலாறு மறுப்பை விடையாகத் தரவில்லை. எந்த வடிவில் ஏற்க வேண்டும் என்பதையே அது கற்பிக்கிறது. அவர் பணத்தில் ஒரு பகுதி கையிருப்பு முதலாக ஒதுக்கப்பட வேண்டும்; அவர் தரும் பணத்தை ஊதியத்துக்கான வருவாயாகக் கருதலாகாது; அவர் விலகினால் ஒரு பருவமேனும் கழகம் நடக்கத் தக்க உறுதி முன்னரே எழுதப்பட வேண்டும்; மைதானம் ஊரின் அளவுக்கு இருக்க வேண்டும், ஊரின் உடைமையாகவும் இருக்க வேண்டும். விளக்கு சிறிதாக எரிந்தாலும் கொடுத்தவருக்குப் பின்னும் எரிய வேண்டும் என்று எண்ணி ஆடுகளை எண்ணிக் கொடுத்தவர்கள், இச்சிக்கலை நன்கு அறிந்தே இருந்தனர்.